காரைவிட விலை கூடின கடுதாசி

எங்கட அறையில் இருக்கிற ஒருவனுடைய சித்தப்பா பதினெட்டு வருசமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். போன நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் ஊருக்கு வந்து நின்றபோது நாங்கள் நாலு பேரும் பார்க்கப் போனோம். வெளிநாட்டால் வந்தவரிடம் ஊரில் முதலாவதாகக் கேட்கிற கேள்வியைத்தான் நாங்களும் கேட்டோம்.

"சித்தப்பா, அங்க என்ன கார் வச்சிருக்கிறியள்?"

"கார் வாங்கலாம் தம்பியவை. கடுதாசிதான் வாங்கேலாது."

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிற படங்களைப் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். அந்தப் படங்களில் பனி இருக்கும், வீடு இருக்கும், வீட்டுக்கு முன்னால் கட்டாயம் ஒரு கார் இருக்கும். போய் மூன்று வருசத்தில் கார் வாங்காவிட்டால் அந்த மனுசன் அங்கே ஏதோ கஷ்டப்படுகிறார் என்று இஞ்சை முடிவுகட்டி விடுவார்கள். பதினெட்டு வருசம் உழைத்தும் கார் இல்லாத சித்தப்பா எங்களுக்கு ஒரு புதிராகத்தான் இருந்தார். அந்தக் கடுதாசி என்ன, அது எப்படி வந்தது என்று தேடப் போனோம். தேடினது ஐம்பது வருசத்துக்கும் மேலான ஒரு வரலாற்றுக்குள் எங்களைக் கொண்டுபோய் விட்டது.

முதலில் கணக்கு. சிங்கப்பூரில் கார் வாங்க வேண்டுமென்றால் காரோடு சேர்த்து ஒரு சான்றிதழும் வாங்க வேண்டும். தமிழில் வாகன உரிமைச் சான்றிதழ் என்று எழுதுகிறார்கள், சனம் வாயில் சிஓஇ. பத்து வருசத்துக்கு அந்தக் காரைத் தெருவில் ஓட்டலாம் என்கிற அனுமதி அது. மாதத்துக்கு இரண்டு தடவை ஏலத்தில் வரும். 2023 ஒக்டோபரில் சிறிய கார் வகைக்கான சான்றிதழ் ஒன்று 106,000 சிங்கப்பூர் டொலருக்குப் போனது. பெரிய கார் வகைக்கு 150,001 டொலர்.

அந்த மாதம் ஒரு ஆள் சாதாரண ஜப்பான் கார் ஒன்று வாங்கினார் என்று வையுங்கள். துறைமுகத்தில் வந்திறங்குகிறபோது அதன் பெறுமதி 20,000 டொலர். அதற்கு 20 வீதம் கலால் வரி, 4,000. இரண்டையும் சேர்த்து அதன்மேல் 8 வீதம் பொருள் சேவை வரி, 1,920. பிறகு கூடுதல் பதிவுக் கட்டணம் என்று ஒன்று. அது காரின் பெறுமதியில் நூறு வீதம், அதாவது இன்னொரு 20,000. சின்னச் சின்னக் கட்டணங்களை விட்டால் இதுவரை 45,920 டொலர். அதற்கு மேலேதான் சான்றிதழின் 106,000 வருகிறது. மொத்தம் ஒன்றரை லட்சம் டொலரைத் தாண்டிவிட்டது, விற்கிறவரின் இலாபம் இன்னும் சேரவில்லை. இருபதாயிரம் டொலர் இரும்புக்கு ஒரு லட்சத்து ஆறாயிரம் டொலர் கடுதாசி. அந்தக் கடுதாசியைப் பத்து வருசத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 29 டொலர் வரும். திறப்பைப் போடாமல், பெற்றோல் அடிக்காமல், கார் சும்மா நிற்கிறதற்கே நாளுக்கு 29 டொலர். அதே ஊரில் பஸ்ஸிலோ எம்.ஆர்.டி. ரயிலிலோ ஒரு தரம் போக அந்த வருசம் ஒன்றிலிருந்து இரண்டரை டொலருக்குள் முடிந்துவிட்டது.

இனி ஓட்டுகிற செலவு. காப்புறுதி, வருசாந்த வீதி வரி (1600 சிசி காருக்கு ஏறக்குறைய 740 டொலர்), அடுக்குமாடிக்குக் கீழே காரை விட மாதக் கட்டணம், நகருக்குள் போகிறபோது தெருவுக்கு மேலே நிற்கிற மின்னியல் வளைவு ஒவ்வொன்றும் கழிக்கிற காசு. பெற்றோலும் மலிவில்லை. பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூரில் விலை நல்லாய்க் குறைவு, போய் அடித்துக்கொண்டு வரலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அதை அரசாங்கம் எப்போதோ யோசித்துவிட்டது. சிங்கப்பூர்க் கார் நாட்டை விட்டு வெளியே போகிறபோது தாங்கியில் அரைவாசிக்குப் பெற்றோல் இருக்க வேண்டும் என்று 1989 இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 1991 இல் அதை முக்கால்வாசி ஆக்கினார்கள். காலித் தாங்கியோடு எல்லைக்குப் போனால் தண்டம் கட்டித் திரும்பி வர வேண்டியதுதான்.

இவ்வளவும் ஒரே நாளில் வந்ததில்லை. 1960களின் சிங்கப்பூரில் பஸ் என்பது பெரிய தலையிடி. பத்துப் பதினொரு கொம்பனிகள் தங்கள் தங்கள் பாதைகளில் பழைய வண்டிகளை ஓட்டின. நேரத்துக்கு வராது, வந்தாலும் ஏற இடம் இராது. பஸ் அங்கே அரசியலாகவும் இருந்தது. 1955 மே மாதம் ஹொக் லீ பஸ் கொம்பனித் தொழிலாளர் போராட்டம் கலவரமாகி நாலு பேர் செத்தார்கள். பஸ் ஒழுங்காக ஓடாத இடத்தில் லைசென்ஸ் இல்லாத 'திருட்டு டக்சிகள்' ஆயிரக்கணக்கில் ஓடின. வேலையில்லாத ஆம்பிளையளுக்கு அது சோறு, பஸ்ஸுக்கு நின்று களைத்த சனத்துக்கு அது உதவி. 1970இலிருந்து அரசாங்கம் அவற்றைத் துரத்தத் தொடங்கியது. அதே வருசம் தொழிற்சங்கத்தின் பெயரில் டக்சிக் கூட்டுறவு ஒன்று வந்தது. 1971 இல் பஸ் கொம்பனிகளைப் பிடித்துச் சேர்த்தார்கள், 1973 இல் எல்லாம் ஒரே கொம்பனி ஆகின.

இதற்குள் சம்பளம் கூடிக்கொண்டு வந்தது, சனம் கார் வாங்கத் தொடங்கிவிட்டது. அரசாங்கத்தின் முதல் பதில் வரி. கூடுதல் பதிவுக் கட்டணம் 1968 இல் காரின் பெறுமதியில் 15 வீதம். 1972 இல் 25, 1974 இல் 55, 1975 இல் 100, 1980 இல் 150. இந்த எண்களைக் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தோம். கட்டணம் ஏற ஏறச் சனம் கொஞ்சக் காலம் பின்வாங்கும், பிறகு சம்பளம் கட்டணத்தை எட்டிப் பிடித்துவிடும். பன்னிரண்டு வருசம் நடந்த ஓட்டப்போட்டி அது.

1975 ஜூன் 2ஆம் திகதி இன்னொரு வேலை செய்தார்கள். இந்த வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு கோடு போட்டு, காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் அந்தக் கோட்டைக் கடக்கிற கார் 3 டொலர் கட்ட வேண்டும் என்றார்கள். உலகத்தில் ஒரு நகரம் நெரிசலுக்கென்று இப்படிக் காசு அறவிட்டது அதுதான் முதல் தடவை. கணினியும் இல்லை, கமெராவும் இல்லை. காசு கட்டினவர் ஒரு கடுதாசி ஒட்டியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போவார். வளைவுக்குப் பக்கத்தில் காவலர்கள் நின்று ஒட்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள், இல்லையென்றால் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவார்கள். தண்டப்பத்திரம் பிறகு தபாலில் வரும். நாலு பேர் சேர்ந்து வந்த காருக்குக் காசு இல்லை.

அந்த நேரங்களில் உள்ளே வந்த வாகனம் 40 வீதத்துக்கும் மேலாகக் குறைந்தது. ஆனால் சனம் எங்கேயும் சனம்தானே. ஏழரைக்கு முன்னால் பாய்ந்து உள்ளே போனார்கள், அல்லது தெருவோரம் நின்று ஒன்பதரை அடிக்கும்வரை காத்திருந்து உள்ளே வந்தார்கள். இரண்டு மாதத்தில் அரசாங்கம் நேரத்தை 10.15 வரை நீட்டியது. டக்சிகளுக்கு முதலில் விலக்கு இருந்தது, மூன்று கிழமையில் அதுவும் போனது. நகர எல்லையில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் உள்ளே போங்கோ என்று பெரிய தரிப்பிடங்கள் கட்டினார்கள். ஒருத்தரும் வரவில்லை. காரில் ஏறின ஆள் பாதி வழியில் இறங்கி பஸ்ஸுக்கு மாறமாட்டார் என்பதை அந்த வெறும் தரிப்பிடங்களில் அவர்கள் படித்தார்கள். ஒரு சின்னத் தகவலையும் சொல்லிப்போட்டு நகர்கிறோம்: இந்த முடிவெல்லாம் எடுத்த அமைச்சரவையில் வெளிநாட்டு அமைச்சராக இருந்த எஸ். இராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்.

1987 நவம்பரில் எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியது. பஸ் திருந்திவிட்டது, ரயில் வந்துவிட்டது, வரி உச்சியில் நிற்கிறது. அப்படி இருந்தும் கார் குறையவில்லை. வரியால் விலையைத் தீர்மானிக்கலாம், எண்ணிக்கையைத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் அவர்களுக்கு இருபது வருசத்தில் கிடைத்த பாடம். ஆகவே தலைகீழாகத் திருப்பினார்கள். எண்ணிக்கையை அரசாங்கம் சொல்லும், விலையைச் சனம் சொல்லட்டும். 1990 மே மாதம் கோட்டா முறை நடைமுறைக்கு வந்தது. சித்தப்பா சொன்ன கடுதாசி பிறந்தது அன்றைக்குத்தான்.

இன்றைக்கு அது நடக்கிற விதம் இப்படி. மூன்று சான்றிதழ் இருக்கிறது, ஐந்து பேர் கேட்கிறார்கள். ஒருவர் 90,000 எழுதுகிறார், மற்றவர்கள் 80,000, 75,000, 70,000, 50,000. முதல் மூன்று பேருக்கும் கிடைக்கும். ஆனால் 90,000 எழுதினவரும் 90,000 கட்டத் தேவையில்லை. தோற்றவர்களில் கூட எழுதினவர் 70,000 என்றதால் அதைவிட ஒரு டொலர் கூட, 70,001, அதுதான் மூன்று பேருக்கும் விலை. மேலே 150,001 என்று ஒரு விலை சொன்னோமே, கடைசியில் அந்த ஒரு டொலர் எங்கேயிருந்து வந்தது என்று இப்போது விளங்கும். ஒன்றரை லட்சம் எழுதின ஒருத்தர் அன்றைக்குக் கார் இல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

முதல் ஏலத்தில் சிறிய காருக்கு ஆயிரம் டொலர் அளவில்தான் போனது. 1994 டிசம்பரில் சொகுசுக் கார் வகையில் 110,500 டொலர். உலகப் பொருளாதாரம் விழுந்த 2008இன் கடைசியில் சிறிய கார் வகை 2 டொலருக்கு வந்தது. தவறி எழுதவில்லை, இரண்டே இரண்டு டொலர். ஒரு தேத்தண்ணிக் காசு. அன்றைக்கு எடுத்தவர்களின் கதைகளை அங்கே லொத்தர் விழுந்த கதை மாதிரிச் சொல்வார்களாம். அதற்குப் பிறகு கோட்டாவை இறுக்கிக்கொண்டே போனார்கள். தொடக்கத்தில் வாகனத் தொகை வருசத்துக்கு 3 வீதம் கூட விட்டவர்கள், 2018 பெப்ரவரியிலிருந்து கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் அதைப் பூச்சியம் ஆக்கினார்கள். ஒரு பழைய கார் தெருவை விட்டுப் போனால்தான் ஒரு புதுக் கார் வரலாம் என்ற நிலை அப்போது வந்தது. பத்து வருசத்துக்கு முன்னால் குறைவாகக் கார் விற்றிருந்தால் இன்றைக்குக் குறைவாகத்தான் சான்றிதழ் வரும், விலை பறக்கும். மோட்டார் சைக்கிள் சான்றிதழே 10,000 டொலரைத் தாண்டிய காலம் உண்டு. பொருள் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிற பெடியனுக்கு அது என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

பத்து வருசம் முடிந்தால் கார் என்ன ஆகும்? சான்றிதழைத் திரும்பக் காசு கட்டிப் புதுப்பிக்கலாம், அல்லது காரைப் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். பத்து வயதுக்குள் எடுத்தால் கட்டின பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிற முறை இருப்பதால் நிறையப் பேர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். நல்லாய் ஓடுகிற கார்கள் இரும்புக்குப் போகின்றன, அல்லது கப்பல் ஏறி வேறு நாட்டுக்குப் போகின்றன. இதைப் படித்தபோது எங்களில் ஒருத்தி, தன்ர தாத்தாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டாள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடின கார். யாழ்ப்பாணத்தில் அப்படிப்பட்ட கிழட்டுக் கார்களை இப்பவும் காணலாம். ஒரு ஊரில் கார் சாகவே விடாத சனம். இன்னொரு ஊரில் பத்தாவது பிறந்தநாளில் காருக்கு மரணச் சான்றிதழ்.

இந்த முறையைத் திட்டிவிட்டுப் போவது சுகம், ஆனால் நியாயமில்லை. எழுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீற்றர் தீவு, ஏறக்குறைய அறுபது லட்சம் சனம். நிலத்தில் 12 வீதம் ஏற்கெனவே தெருவுக்குப் போய்விட்டது. எல்லாரும் கார் வைத்திருந்தால் ஒருத்தரும் நகரமாட்டார்கள். கார் இல்லாத சனத்துக்கு அங்கே நேரத்துக்கு வருகிற பஸ் இருக்கிறது. சித்தப்பாவே சொன்னார், அங்கே கார் இல்லை என்று தான் ஒருநாளும் வேலைக்குப் பிந்தினதில்லை, இஞ்சை ஒரு கலியாண வீட்டுக்குப் போக இரண்டு மணித்தியாலம் பஸ்ஸுக்கு நின்றேன் என்று. எங்கட நாட்டைச் சிங்கப்பூர் ஆக்கப் போவதாகச் சொன்ன அரசியல்வாதிகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராவது இந்த பஸ் கதையைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

ஆனால் ஏலம் ஒன்றை மட்டும்தான் கேட்கும், எவ்வளவு தருவாய் என்று. எதற்குக் கார் என்று கேட்காது. நடக்க ஏலாத தாயைக் கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற மகனும், வீட்டில் ஏற்கெனவே இரண்டு கார் நிற்கிறவரும் ஒரே வரிசையில் எழுத வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பங்களுக்குத் தனி ஒதுக்கீடு கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். யாருக்குத் தேவை கூட என்று பிரிக்க முடியாது என்பது அரசின் பதில். தொண்ணூறுகளில் சிங்கப்பூர்க்காரரின் கனவு 'ஐந்து சி' என்று ஒரு பேச்சு இருந்தது: காசு, கார், கிரெடிட் கார்ட், கொண்டோமினியம், கன்றி கிளப். கோட்டா வந்த பிறகு அந்தப் பட்டியலில் கார் இன்னும் மேலே ஏறியிருக்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

இவ்வளவும் காரில் போக விரும்புகிறவர்களின் கதை. சித்தப்பா எங்களுக்குச் சொன்ன மற்றக் கதை லொறியைப் பற்றினது.

அவர் போனது கட்டட வேலைக்கு. சிங்கப்பூரின் அடுக்குமாடிகளையும் ரயில் சுரங்கங்களையும் கட்டுகிற தொழிலாளர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்காரரும் பங்களாதேஷ்காரரும். மாதம் ஆயிரம் டொலர் தொடாத சம்பளக்காரர் அவர்களில் நிறைய. விடுதியிலிருந்து வேலைத்தளத்துக்கு அவர்களை லொறியின் பின்தட்டில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இருக்கை இல்லை, பட்டி இல்லை. சாமான் ஏற்றுகிற லொறியின் பின்னால் ஆட்களை ஏற்றக்கூடாது என்றுதான் அந்த நாட்டுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் அதில் ஒரு விலக்கு இருக்கிறது: முதலாளி தன் தொழிலாளரை வேலைக்கு ஏற்றிப்போகலாம். விபத்துகளுக்குப் பிறகு மேலே கூரை வேண்டும், பக்கத்தில் உயரமான கம்பி வேண்டும், ஒரு ஆளுக்கு எட்டுச் சதுர அடி வேண்டும் என்று விதிகள் வந்தன. இருக்கை வரவில்லை. 2023 ஜூலையில் அடுத்தடுத்து விபத்துகள் நடந்து, இதை நிறுத்துங்கள் என்று பல அமைப்புகள் சேர்ந்து கையெழுத்து வைத்தன. நிறுத்தினால் சின்னக் கொம்பனிகள் தாங்காது, வீடுகளும் பாடசாலைகளும் ரயில் பாதைகளும் கட்டி முடியத் தாமதமாகும் என்று பதில் வந்தது.

லொறிக்கும் பஸ்ஸுக்கும் அதே கோட்டாக் கடுதாசி வேண்டும், இரண்டும் ஒரே வகை. காலையில் ஆளை ஏற்ற ஒரு பஸ், பிறகு சீமெந்து ஏற்ற ஒரு லொறி என்று வாங்கினால் இரண்டு கடுதாசி. லொறியிலேயே இரண்டையும் ஏற்றினால் ஒன்று. வாடகை பஸ், சாரதிச் சம்பளம் என்று வேறு காரணங்களையும் முதலாளிமார் சொல்கிறார்கள்தான். ஆனால் கணக்குப் பார்க்கிற முதலாளி இந்தக் கணக்கையும் பார்க்காமல் இருப்பாரா? நெரிசல் இல்லாத தெருவின் விலையைக் காரில் போகிறவர் கட்டுகிறார் என்று அந்த நாட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள், அதே தெருவில் பக்கத்துப் பாதையில் பின்தட்டில் குந்தியிருந்து போகிறவர் என்ன கட்டுகிறார் என்பதையும் எழுத வேண்டும்.

சித்தப்பா முதல் ஆறு வருசம் லொறியில் போனவர். பிறகு மேற்பார்வையாளர் ஆனார், இப்போது ரயிலில் போகிறார். காரில் ஒருக்காவும் போகவில்லையா என்று கேட்டோம். ஒருக்காப் போனாராம். தளத்தில் விழுந்து கை முறிந்த அன்றைக்கு ஒரு அதிகாரி தன்னுடைய காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"கார் நல்லாத்தான் இருந்தது. குளிர்தான் கூட," என்றார். பிறகு லொறியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னார். போன முதல் நாளே பழைய ஆக்கள் சொல்லித்தருவார்களாம், பின்கதவுப் பக்கம் இருக்காதே, கம்பியில் முதுகைக் குடுக்காதே, மழை எண்டால் சாரதிப் பக்கத்துக்குத் தள்ளி இரு, நித்திரை வந்தால் பக்கத்தில இருக்கிறவனின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு கொள் எண்டு.